மாடல் 4

ஜூன் 2, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வைரம் டிஜிட்டல்ஸ். சின்னமனூரில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடைகள் ஐந்தாறு இருக்கின்றன. நான் இந்தக் கடைக்கு மட்டும்தான் போன் செய்தேன். நம்பரை யாரிடமும் கேட்கவில்லை. பேனர்களின் வலது ஓரத்தில், கீழே, பொடி எழுத்தில் இருக்கும். எனக்கு மனப்பாடம்.

முதலாளி பெயர் ராஜபாண்டி. நாற்பது வயது இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார்.

"எது வரைக்கும் படிச்ச?"

"ஒம்போது."

"முழுசாவா, பாதியிலயா?"

"பாதி."

"ஏன் நிப்பாட்டிட்ட?"

நான் பிரிண்டரைப் பார்த்தேன். ஒரு தலைவரின் மீசை மட்டும் அப்போது வெளியே வந்துகொண்டிருந்தது.

"சரி விடு. நான் எட்டுதான். போட்டோஷாப் யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"போன்ல பாத்து. அப்பறம் மூணு மாசம் டிடிபி சென்டர்."

"கஸ்டமர் வந்தா வாயத் தொறந்து பேசுவியா?"

தலையாட்டினேன்.

"அதத்தானம்மா கேக்குறேன். தலைய ஆட்டாம வாயால சொல்லு."

"பேசுவேண்ணே."

இன்று நான் பேசியது மொத்தமே இவ்வளவுதான். இந்த டைரி கடையில் கிடந்தது. ஒரு விதைக் கடைக்காகப் போன வருடம் அடித்ததில் மீந்ததாம். தேதியைத் திருத்திக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூன் 4, புதன்

ராஜபாண்டி அண்ணன் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

டிசைன் பாதி முடிந்ததும் எழுந்துவிடுவார். கடையை விட்டு இறங்கி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பார். நடுவில் லாரி வந்தால் லாரியைத் திட்டுவார். "பஸ்ல போறவனுக்கு மூணு செகண்டுதான் டைம். அதுக்குள்ள பேரும் மூஞ்சியும் மண்டைல ஏறணும்" என்கிறார். இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடிக்காதது ஒன்று உண்டு. அவருக்குக் காலி இடம் ஆகாது. "காலியா கெடந்தா கோபுரத்தப் போடு. அப்பயும் கெடந்தா ரோசாப்பூவப் போடு. அதுக்கும் மேல கெடந்தா புறாவப் பறக்க விடு." கல்யாணத்துக்கும் அதே புறா, கட்சிக்கும் அதே புறா, சாவுக்கும் அதே புறா.

மேஜையில் ஒரு பிளாஸ்டிக் ஆல்பம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து மாடல். வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து நம்பரைச் சொன்னால் போதும். பூப்புனிதத்துக்கு எல்லாரும் சொல்வது நான்கு. விழா அன்றுதான் பெண் பட்டு உடுத்துவாள், பேனரோ ஒரு வாரம் முன்பே நிற்க வேண்டும். அதனால் மாடலில் இருக்கும் உருவத்தின் மேல் அந்தப் பெண்ணின் தலையை மட்டும் வெட்டி ஒட்டுவார்கள்.

"ஒரே ஒரு பார்ட்டி மட்டும் முன்னாடியே ஸ்டுடியோல வச்சு எடுத்துக் குடுத்தாங்க. அதான் மாடல் நாலு" என்றார் அண்ணன். "பாரு, புடவை மடிப்பு வரைக்கும் என்னா தெளிவு."

போட்டோஷாப்பில் படங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கி இருக்கும். அதை லேயர் என்பார்கள். அண்ணன் பழைய லேயர் எதையும் அழிப்பதில்லை. பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும், அதை அணைத்தால் அந்தத் தாள் மறைந்துவிடும். எல்லாவற்றையும் மறைத்து மறைத்தே வைத்திருக்கிறார்.

மாடல் 4-இல் இருக்கும் பெண்ணின் இடது கையில், வளையலுக்கு மேலே, பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. அண்ணன் இதுவரை கவனிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மெஷின் இரண்டு முறை நின்றது. கட்டும் கயிறு கோக்க பேனர் ஓரத்தில் வளையம் அடித்தேன், நாற்பத்தெட்டு வளையம்.

வீட்டில் சோறு வடிக்கப் போனால் அம்மா பானையைப் பிடுங்கிக்கொள்கிறாள். "ஒரு தடவ கையில கொட்டுனது பத்தாதா? நகரு." அது நடந்தது நான் ஏழாவது படிக்கும்போது. இன்னும் என்னைக் கஞ்சி வடிக்க விடுவதில்லை.

"இந்த வெக்கைல எதுக்குடி முழுக்கை சட்ட? கடைக்குமா இதப் போட்டுட்டுப் போற?"

"ஏசி போடுறாங்கம்மா, குளுருது."

கடையில் ஏசி மெஷினுக்குத்தான். எனக்கு மின்விசிறி.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. பழைய பட்டுப்புடவைப் பெட்டியில் நான் சேர்த்து வைத்திருப்பவற்றை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்பினேன். தீப்பெட்டி அட்டை, அப்பள உறை, உப்புப் பாக்கெட், ஊதுபத்தி டப்பா, ஒரு மினி பஸ் டிக்கெட். அம்மா வெளியே போகச் சொன்னாலும் நான் போகாமல் வீட்டிலேயே இருந்த அந்த இரண்டு வருடங்களில் சேர்த்தவை. ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் முதலில் கண் போகிறது என்று பார்ப்பேன். தீப்பெட்டிதான் கெட்டிக்காரத்தனம். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரே ஒரு பொருள். ஒரு சாவி. ஒரு சேவல். அவ்வளவுதான், மறக்காது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அம்மா வேலை செய்யும் தோட்டத்தின் திராட்சைப் பெட்டி லேபிள். வெள்ளைத்தாள். நடுவில்கூட இல்லை, கீழே ஒரு மூலையில் ஒரு கொத்து. மேலே முழுக்கச் சும்மா கிடக்கிறது. சும்மா கிடப்பதனாலேயே கண் நேராகக் கொத்துக்குப் போய்விடுகிறது. யார் வரைந்தார்களோ. அவர் கடையில் புறா இருந்திருக்காது.

ஜூன் 11, புதன்

இரண்டு கண்ணீர் அஞ்சலி. ஒரு பூப்புனிதம், மாடல் 4.

ஜூன் 12, வியாழன்

நேற்று அடித்ததை இன்றே கட்டிவிட்டார்கள். பஸ் திரும்பும் முக்கில் நிற்கிறது. புது முகம், அதே புடவை, அதே கை. பஸ் திரும்பும்போது நான் செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் குனிந்தேன்.

பேனர் கிழிந்தால் பரவாயில்லை. மாடு தின்றாலும் பரவாயில்லை. யாராவது அதில் பேனாவால் எழுதினால்தான் கஷ்டம்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் தடவையாக நானே முழுதாகச் செய்தேன்.

ஒரு டீக்கடைக்காரர் வந்தார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதில் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எங்கேயோ பார்க்கிறார். வழக்கமாக என்றால் தலையை மட்டும் வெட்டி, கோட்டு மாட்டி, பின்னால் மேகம் வைத்து, பக்கத்தில் விளக்கு வைத்துவிடுவோம். அண்ணன் மெஷினைப் பார்க்கப் போயிருந்தார்.

நான் கம்ப்யூட்டரில் ஆரம்பிப்பதில்லை. வீணான பிளக்ஸ் துண்டின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைவேன். தீப்பெட்டி அளவுதான். அந்த அளவில் புரிந்தால் எந்த அளவிலும் புரியும். இன்று ஐந்து கட்டம் வரைந்தேன். ஐந்தாவதில் கட்டிலோடு அவரைக் கீழ் மூலையில் வைத்துவிட்டு மற்ற இடத்தை அப்படியே விட்டேன். வெளிறிய நீலம், விடிந்தும் விடியாத வானம் மாதிரி. பெயரும் தேதியும் மட்டும்.

அண்ணன் வந்து பார்த்துப் பதறிப்போனார். "என்னம்மா இது? பாதி பேனரு பிரிண்ட் ஆகலன்னு சண்டைக்கு வருவான்."

டீக்கடைக்காரர் திரைக்கு முன்னால் நின்றார்.

"எங்கப்பா இப்பிடித்தாங்க ஒத்தையா உக்காந்துருப்பாரு. யாருகிட்டயும் ஒரு வார்த்த பேச மாட்டாரு. இதையே போட்டுருங்க."

அவர் போன பிறகு அண்ணன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்: "சாவுக்குச் சரி. கல்யாணத்துல இந்த வேலைய வச்சுக்காத."

ஜூன் 24, செவ்வாய்

யாரோ ஒரு அம்மா போன் செய்து, எங்கள் பிள்ளை கையில் ஏது தழும்பு என்று கேட்டார்களாம். அண்ணன் மாடல் 4-ஐ இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தார். "அட, ஆமா. இத்தன நாளா கண்ணுல படலையே. அதக் கொஞ்சம் எடுத்து விட்ரு."

பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து அதன் மேல் பூசினால் முடிந்தது. இரண்டு சொடுக்கில் போய்விட்டது. அந்தக் கை மொழுமொழுவென்று யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பழையபடியே ஆக்கிவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

"எடுத்துட்டியா?"

"ம்."

ஜூலை 1, செவ்வாய்

சாயங்காலம் கடை முழுக்கச் சத்தம். சுருளிவேல் என்பவர் வந்தார், ஜேசிபி வைத்து மண் வேலை எடுப்பவர். கூட அவர் தங்கை பாண்டீஸ்வரி. தங்கை மகள் கனிஷ்கா, எட்டாவது படிக்கிறாளாம். எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சீருடை எனக்குத் தெரியும்.

சித்திரை விடுமுறையில் பெரிய மனுஷி ஆனவளுக்கு, ஆடி பிறப்பதற்குள் விழாவை முடிக்கிறார்கள். பதிமூன்றாம் தேதி.

"ராஜபாண்டி, இந்த ஊருல எவனும் வைக்காத சைஸ்ல வைக்கணும். இருபதுக்குப் பத்து, மூணு எடத்துல. பஸ் ஸ்டாண்டு, மண்டபம், ஸ்கூல் வாசல். அம்பத்தோரு தட்டு சீரு. எதுல வருது தெரியுமா?"

"மாட்டு வண்டியா?"

"மாட்டு வண்டியெல்லாம் கண்ட பயலும் கொண்டாந்துட்டான். ஜேசிபில வருதுய்யா! பக்கெட்டுல தட்ட அடுக்கி, பூவச் சுத்தி, நானே ஓட்டிட்டு வர்றேன்."

"அண்ணே, தட்டு கவுந்து போச்சுன்னா?" என்றார் பாண்டீஸ்வரி.

"கெணத்துக்குள்ள விட்டு ஒரு கல்ல மட்டும் எடுத்துட்டு வர்ற கைடி இது. தட்டக் கவுக்குமா?"

முகத்துக்கு ஒரு படம் வேண்டுமே என்று அண்ணன் கனிஷ்காவைச் சுவர் ஓரம் நிற்க வைத்துப் போனில் எடுத்தார். கண்ணை மூடிவிட்டாள். மறுபடி எடுத்தார். மூடிவிட்டாள். பன்னிரண்டு படம் எடுத்தார். பன்னிரண்டிலும் கண் மூடியிருந்தது.

"ஏண்டி, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று அவள் அம்மா தோளில் தட்டினார்.

"விடுங்கக்கா. ஸ்கூல் ஐடி கார்டு குடுங்க, அதுலருந்து எடுத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

பெரியவர்கள் மரச்சட்டம் எத்தனை அடி, எங்கே கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் மேஜைக்கு வந்தாள். பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஸ்கூல் வாசல்ல வைக்கிறதுல மட்டும் என் போட்டோ இல்லாம வைக்க முடியுமா?"

"மாமாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'மாமன் வைக்கிறேன், ஒனக்கென்னடி வெக்கம்'னு சிரிக்கிறாரு. அம்மாவும் சிரிக்குது."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. தண்ணி வேணுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஜூலை 2, புதன்

ஐடி கார்டிலிருந்து தலையை வெட்டினேன். முடி ஓரத்தை இழை இழையாக எடுத்தேன். கழுத்துதான் எப்போதும் கஷ்டம், இரண்டு நிறம் சேராது. மாலையைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் ஒட்டு தெரியாது. மாடல் 4-க்கு அவள் தலை பொருத்தமாகவே உட்கார்ந்தது.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். மூன்று நொடி. பெயர் தெரிந்தது. முகம் தெரிந்தது. கை தெரிந்தது.

"முடிஞ்சதா? அவருக்கு வாட்சப்புல அனுப்பிரவா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே."

முடிந்துவிட்டது. செய்ய ஒன்றும் பாக்கி இல்லை.

ஜூலை 3, வியாழன்

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"மாமா அப்ப என்கிட்ட கேட்டாராம்மா?"

"எத?"

நானும் ஒரு தண்டை எடுத்து ஒடித்தேன்.

"கேக்குறதுக்கு என்னடி இருக்கு. ஆசையா வச்சான். கடன ஒடன வாங்கி வச்சான்."

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். கீரை தீர்ந்துபோன பிறகும் வெறும் தண்டுகளை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சனியன நானே போயி அன்னைக்கே கிழிச்சு எறிஞ்சிருக்கணும்" என்றாள்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அம்மா அதைப் பற்றிப் பேசினாள்.

ஜூலை 4, வெள்ளி

அண்ணன் தேனிக்கு மை வாங்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

முகம் இல்லாமல் ஒரு பூப்புனித பேனர். அதுதான் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளக்ஸ் துண்டைத் திருப்பிப் போட்டுக் கட்டம் வரைந்தேன். முதல் கட்டம், கோலம். இரண்டாவது, வளையல் அடுக்கு. மூன்றாவது, மல்லிகைச் சரம். நான்காவது, வெறும் தாமரை. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் எதைப் பார்த்தாலும் கண் போய் முகத்தைத் தேடுகிறது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. திராட்சை லேபிளில் அப்படி ஆகவில்லையே, ஏன்? அதில் கொத்து இருக்கிறது. காலி இடம் மட்டும் இருந்தால் போதாது, கண்ணுக்குப் போய் உட்கார ஒரு பொருள் வேண்டும்.

அப்போதுதான் சுருளிவேல் பேசியதை யோசித்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். கனிஷ்காவின் பெயரை இரண்டு தடவை சொல்லியிருப்பார். வண்டியைப் பற்றி எத்தனை தடவை என்று எண்ண முடியாது. இது யாருடைய பேனர்?

ஐந்தாவது கட்டத்தில் ஜேசிபியின் கையை வரைந்தேன். இடது கீழ் மூலையில் வண்டி. அங்கிருந்து அந்த மஞ்சள் கை மடங்கி நிமிர்ந்து இருபது அடிக்கும் குறுக்கே நீள்கிறது. வலது மேல் மூலையில் பக்கெட். பக்கெட் நிறைய சீர்த்தட்டு: பட்டு, வளையல், பழம், பூ. பக்கெட்டின் பல்லிலிருந்து தோரணம் மாதிரி எழுத்துகள் தொங்குகின்றன: 'கனிஷ்காவின் தாய்மாமன் வருகிறார்'. அந்த எழுத்துகளை நானே கையால் எழுதினேன். ஓட்டுநர் இருக்கையில் சுருளிவேல்; அவரும் வண்டி நம்பரும் அவர் வாட்சப் படத்திலிருந்து. விழாவின் பெயரைக் கீழே தேதி, மண்டபத்தோடு சேர்த்துச் சின்னதாக வைத்தேன். மற்றதெல்லாம் வெளிறிய வானம். ஒரு புறாகூட இல்லை.

தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினேன். வண்டி தெரிந்தது. கண் முகத்தைத் தேடவில்லை.

ஏழு மணி நேரம் ஆகியிருக்கிறது. கொண்டுபோன சோறு அப்படியே இருந்தது.

ஜூலை 5, சனி

இன்று நடந்த எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்குச் சுருளிவேலும் பாண்டீஸ்வரியும் வந்தார்கள். அண்ணன் மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். "டிசைனக் காட்டும்மா" என்றார். நான் மாடல் 4-ஐத் திறக்காமல் நேற்று செய்ததைத் திறந்து வைத்தேன்.

சுருளிவேல் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஏய்... நம்ம வண்டி! பாண்டீசு, நம்பர் பிளேட்டு வரைக்கும் இருக்கு பாருடி! யாரும்மா போட்டது, நீயா? அடேங்கப்பா, என்னமா ஒக்காந்துருக்கேன்!"

அண்ணன் கையில் மைப் புட்டியோடு வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தெருவுக்கு எதிர்ப்பக்கம் போக ஒரு அடி எடுத்து வைத்தார்.

"அதெல்லாம் நல்லாத்தான்ணே இருக்கு" என்றார் பாண்டீஸ்வரி. "புள்ள எங்க?"

அண்ணன் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சடங்கு யாருக்கு, வண்டிக்கா?"

"ஆமா, பாப்பா எங்கம்மா?" என்றார் சுருளிவேல்.

அண்ணன்தான் சமாளித்தார். "புதுப் புள்ளக்கா, விட்டுருச்சு. மாடல் நாலுல பாப்பா ரெடியா இருக்கு. வலது ஓரத்துல வச்சா அஞ்சு நிமிசம்." என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். அந்த ஃபைலைத் திறந்தார். கனிஷ்காவின் தலை, பட்டுப்புடவை, மாலை எல்லாம் சேர்ந்த உருவத்தை இழுத்துக்கொண்டுவந்து என் வானத்தில் நிறுத்தினார். ஓரம் சரியாக வெட்டியிருக்கிறதா என்று பெரிதாக்கினார். திரை முழுக்கக் கை வந்தது.

"இந்தத் தழும்ப எடுக்கச் சொன்னேனேம்மா. எடுத்துட்டேன்னியே?"

நான் முழுக்கைச் சட்டையின் இடது கையைச் சுருட்டினேன். பொத்தான் கழற்ற நேரம் ஆனது. திரைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

திரையில் ஒரு பிறை, பக்கத்தில் ஒரு பிறை.

அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எப்பம்மா இது?" என்று கேட்டது சுருளிவேல்தான். அந்தச் சத்தமான குரல் இல்லை.

"மூணு வருசத்துக்கு முன்னாடி. அதே ஸ்கூல் வாசல்லதான் வச்சாங்க. எங்க மாமா வச்சாரு."

"சரி" என்றார் அவர்.

"நாப்பது நாளு இருந்துச்சு. யாரும் கழட்டல. அதுல எழுதுனாங்க. தெனமும் புதுசா எழுதுனாங்க. நான் அது கீழதான் உள்ள போகணும்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "அப்பறம் நான் போகல."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. என்ன எழுதினார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

பாண்டீஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "பன்னெண்டு போட்டோலயும் கண்ண மூடுனாளே, கழுத" என்றார். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை.

சுருளிவேல் தொண்டையைச் செருமினார். வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். திரைக்குக் கிட்டே குனிந்து வண்டியையே பார்த்தார்.

"ராஜபாண்டி, இந்த மஞ்சள் பத்தாதுய்யா. நம்ம வண்டி இன்னும் நல்ல மஞ்சளு."

"ஏத்திரலாம். பாப்பா படம்..."

"அதெதுக்கு? பேருதான் இருக்குல்ல. மாமன் வர்றது பத்தாதா? மூணு எடத்துக்கும் இதையே போடு."

படியில் இறங்கும்போது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 7, திங்கள்

அண்ணன் காலையிலேயே நான்கு பருப்பு வடை வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். மெஷினைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எனக்குத் தெரியலம்மா. தெனம் நூறு மூஞ்சி வருது. எதையும் ஞாபகம் வச்சுக்கிறதில்ல."

"தெரியும்ணே."

"தெரிஞ்சுதான் இந்தக் கடைக்கு வந்தியா?"

வடையைப் பிய்த்தேன்.

"சரி, அத விடு. அந்த ஃபைல நீயே என்னமும் பண்ணிக்க. நான் கேக்க மாட்டேன்."

வடை நன்றாக இருந்தது. இரண்டு நான் சாப்பிட்டேன், இரண்டு அம்மாவுக்கு.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று பேனரும் அடித்தாயிற்று. மஞ்சளை மூன்று தடவை ஏற்றினேன்.

ஜூலை 10, வியாழன்

பள்ளிக்கூட வாசலில் கட்டிவிட்டார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நேற்று விழா முடிந்தது. ஐம்பத்தொரு தட்டில் ஒன்றுகூடக் கவிழவில்லையாம். ஊர் முழுக்க அதே பேச்சு.

இன்று காலை இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த ரோட்டில் நடந்தேன். எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றுகொண்டேன். அண்ணன் நிற்கிற மாதிரி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

வெயிலில் அந்த மஞ்சள் கை நன்றாகத்தான் இருந்தது. பக்கெட்டை இன்னும் ஒரு விரல் அளவு மேலே ஏற்றியிருக்கலாம். யாரோ பேனாவால் சுருளிவேலுக்குக் கூலிங் கிளாஸ் வரைந்திருந்தார்கள். அது அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது.

எட்டே முக்காலுக்குக் கனிஷ்கா வந்தாள். கூட நான்கைந்து பிள்ளைகள். ஒருத்தி பேனரைக் காட்டி, "ஏய், உங்க மாமா எங்களையும் பக்கெட்டுல ஏத்துவாராடி?" என்றாள்.

"ஒன்னய ஏத்துனா வண்டி கவுந்துரும், போடி" என்றாள் கனிஷ்கா.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான். பேனருக்குக் கீழே நடந்து உள்ளே போனாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

முதல் மணி அடிக்கும் வரை நின்றிருந்தேன். அந்த மணிச் சத்தம் மாறவே இல்லை.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. இனி ஒரு மாதத்துக்கு அம்மன் கோயில் பேனர்தான், கூழ் ஊற்றும் விழாதான். வேலை குறைவாக இருந்தது. மாடல் 4-ஐத் திறந்தேன்.

முப்பத்தொரு தலைகள் இருந்தன. மேலே கனிஷ்கா. அவள் பக்கத்தில் இருந்த கண்ணை அணைத்தேன். அதற்குக் கீழே இருந்தவளை எழுப்பி, பார்த்து, அணைத்தேன். அடுத்தவள். அதற்கடுத்தவள். சிலர் பெயர் எனக்கு ஞாபகம் இருந்தது. எல்லாருக்கும் அதே கை. எல்லாத் தலைகளும் தீர்ந்த பிறகு கடைசியில், அடியில், ஒரு தாள் இருந்தது.

அதன் கண்ணைத் திறந்தேன்.

அந்த முகத்தை நான் பேனரில்தான் கடைசியாகப் பார்த்தேன், அதுவும் மேலே எழுதியதோடு சேர்த்துத்தான். இதில் எதுவும் எழுதவில்லை. சுத்தமாக இருந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோவில் மாமா போட்டோக்காரருக்குப் பின்னால் நின்று தலையில் துண்டைக் கட்டி ஆடிக் காட்டினார், அதற்காகச் சிரித்தது. அது எனக்கு மறந்தே போயிருந்தது.

அந்த ஒரு தாளை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். மற்றதைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். ஆல்பத்திலிருந்து அந்தப் பக்கத்தையும் உருவினேன். அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அஞ்ச நாலாக்கிரு, வரிச விட்டுப்போகுமுல்ல" என்றார். சரி என்றேன். மாற்றவில்லை.

சாயங்காலம் ஒரு அம்மா வந்தார். ஆவணியில் மகளுக்கு விழாவாம். ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"ஏம்மா, மூணுக்கு அடுத்து அஞ்சா இருக்கு? நாலு எங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் அதற்குள் பேசிவிட்டேன்.

"நாலு அவுங்க வீட்டுக்குப் போயிருச்சுக்கா. நீங்க உக்காருங்க. பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க, புதுசா வரையுறேன்."